தோசைக்கரண்டிக்கும் மூளைதான் காரணமாம்

"பொம்பளைங்க மூளை அமைப்பே அப்படிம்மா, ஒரே நேரத்துல நாலு வேலை பார்க்கும். எங்களுக்கு ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது." இதைச் சொல்பவர் மாமாவோ, ஆபீஸ் நண்பரோ, யாராக இருந்தாலும் சொல்லும்போது உட்கார்ந்துதான் இருக்கிறார். ஒரு கையில் தோசைக்கரண்டியும் இன்னொரு கையில் போனுமாக நின்றுகொண்டு கேட்பது நான்.

எங்கிருந்து வந்தது இந்த ஞானம்? மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கிற நரம்புக் கற்றை பெண்களுக்குப் பெரிதாம். நூல் பிடித்துப் போனால் 1982இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரையில் போய் நிற்கிறது. லகோஸ்ட்-உடம்சிங், ஹாலோவே என்ற இருவர், அந்தக் கற்றையின் பின்பகுதி பெண்களுக்குப் பருத்திருக்கிறது என்று எழுதினார்கள். பார்த்தது மொத்தம் 14 மூளை. அதில் பெண்களுடையது 5. ஐந்தே ஐந்து! எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறவர்கள்கூட அதைவிட அதிகம். 1997இல் பிஷப்பும் வால்ஸ்டனும் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, அப்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்றார்கள். 2019இல் ஜெர்மனியில் 48 ஆண்களையும் 48 பெண்களையும் உட்காரவைத்து எழுத்து, எண் என்று மாற்றி மாற்றி வேலை கொடுத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே மாதிரிதான் திணறின. இந்தச் சேதி மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வருவதே இல்லை.

வித்தியாசமே கிடையாது என்று நான் சாதிக்கவில்லை. கருவிலேயே ஆண் குழந்தைக்கு டெஸ்டோஸ்டிரோன் அதிகம். அடிதடியில் இறங்குவது, சராசரியில், பையன்கள்தான். ஓர் உருவத்தை மனதுக்குள் திருப்பிப் பார்க்கிற சோதனையில் ஆண்களுக்குச் சராசரியாக மதிப்பெண் கூடுதல். இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக என் தலையை ஸ்கேன் பண்ணாமலே எனக்கு வேலை பிரித்துக் கொடுப்பானேன்?

கல்யாணச் சமையல் மாஸ்டரைப் பாருங்கள். சாதம் வடிகிறது, பாயசம் கொதிக்கிறது, நடுவில் வெங்காயம் நறுக்குகிறவனுக்கு அதட்டல். டவுன் பஸ் கண்டக்டரோ டிக்கெட்டைக் கிழித்து, சில்லறை எண்ணி, படியில் தொங்குகிறவனைத் திட்டி, விசிலும் ஊதுகிறார். இவர்களுக்கெல்லாம் எந்த மூளையாம்? சம்பளம் வருகிற இடத்தில் நாலு வேலை ஓடுகிறது. வீட்டுப் படியேறினால்தான் ஒன்றுக்கே முடியவில்லை.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு 10½ வயது வாக்கிலும் பையன்களுக்கு 14½ வாக்கிலும் மூளையின் அளவு உச்சத்தைத் தொடுகிறது என்று அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தார் 2007இல் சொன்னார்கள். அளவை வைத்துப் புத்தியை எடைபோட அதில் இடமில்லை. எங்கள் வீட்டில் அதற்கும் பொருள் கண்டாகிவிட்டது: பையனுக்கு இன்னும் மூளை வளர்ந்து முடியவில்லை, பாவம், அவன் சாப்பிட்ட தட்டையும் தங்கச்சியே எடுத்துப் போட்டுவிடட்டுமாம்.