தங்கமணிக்குத் துப்பாக்கி வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா இந்த மேட்டரை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. ஊரைத் திட்டுறதுக்கு முன்னாடி நான் அடிச்ச கூத்தைச் சொல்லிடறேன். அப்பத்தான் மத்தவங்களைத் திட்டுற யோக்கியதை எனக்கு வரும்.

நான் நல்லூர் வீட்டுலேர்ந்தே பொட்டி தட்டுறவன். மாசத்துல ஒரு வாரம் மட்டும் சென்னை. தங்கமணிக்கு விருத்தாசலத்துல ஒரு பீங்கான் கம்பெனியில கணக்கு எழுதுற வேலை. போன மாசம் நான் சென்னையில இருந்தப்ப ராத்திரி எட்டரைக்கு போன் வந்துச்சு. பஸ்ஸை விட்டு இறங்கினதுலேர்ந்து தெருமுனை வரைக்கும் ஒருத்தன் பைக்கை உருட்டிக்கிட்டே பின்னாடி வந்தானாம். ஒண்ணும் பேசல, ஒண்ணும் பண்ணல. வந்தான், அவ்ளோதான். "பயப்படாதீங்க, வீட்டுக்கு வந்துட்டேன்"னு அவங்கதான் எனக்கு ஆறுதல் சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி நான் என்ன பண்ணேன் தெரியுமா? துப்பாக்கி தேடினேன். சத்தியமா! ஹூஸ்டன்ல இருக்குற காலேஜ் நண்பனுக்கு போன் போட்டேன். அங்க 2021 செப்டம்பர்லேர்ந்து கைத்துப்பாக்கி வெச்சுக்கிட்டு நடக்க லைசென்ஸே தேவையில்ல. "மச்சி, என் வொய்ஃப் கையும் சின்னதுதான். நானே நாலு கடை ஏறி இறங்கி செலக்ட் பண்ணிக் கொடுத்தேன். முதல்ல உன் வொய்ஃப் கையை அளந்து சொல்லு"ன்னான். வீட்டுக்கு வந்ததும், அவங்க தூங்கறப்ப ஸ்கேலை வெச்சு அளந்தேன். மணிக்கட்டு ரேகையிலேர்ந்து நடுவிரல் நுனி வரைக்கும் 16 சென்டிமீட்டர். எக்செல்ல ஒரு ஷீட்டே போட்டேன். எடை, நீளம், விலை, தோட்டா சைஸ்னு எல்லா காலமும் இருந்துச்சு. "அவங்க என்ன சொல்றாங்க"ங்கற காலம் மட்டும் இல்ல. கேட்டாத்தானே போட முடியும்?

இந்த வியாதி எனக்கு மட்டும் இல்ல. 2012 டிசம்பர்ல டெல்லி, 2024 ஆகஸ்ட்ல கொல்கத்தா, அதே வருஷம் டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழகம். ஒவ்வொரு கொடுமைக்கும் அப்புறம் வாட்ஸப்ல ஒரே கோஷம்: "பொண்ணுங்க கையில துப்பாக்கி கொடுங்க". சொல்றவன் பெரும்பாலும் ஆம்பளை. அந்த "கொடுங்க"ங்கற வார்த்தைதான் எனக்கு இப்ப உறுத்துது.

நம்ம அரசாங்கமே அப்படி ஒண்ணு "கொடுத்துச்சு". டெல்லி சம்பவம் நடந்து ஒரு வருஷம் கழிச்சு, 2014 ஜனவரியில, கான்பூர் பீல்டு கன் ஃபேக்டரி 'நிர்பீக்'னு ஒரு ரிவால்வரைக் கொண்டு வந்துச்சு. பயமில்லாதவர்னு அர்த்தம். அந்தப் பொண்ணை நிர்பயான்னு கூப்பிட்டோம் இல்லையா, அதுக்கு இன்னொரு சொல். .32 போர், ஆறு தோட்டா, டைட்டானியம் அலாய், எடை சுமார் 500 கிராம், லேடீஸ் ஹேண்ட்பேக்ல அடங்கும்னு விளம்பரம். விலை சுமார் 1.22 லட்சம். எதுல போட்டுக் கொடுத்தாங்க தெரியுமா? அரக்குச் சிவப்புல நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில! மணிப்பூரைச் சேர்ந்த பினாலட்சுமி நேப்ரம், துப்பாக்கியால கணவனை, பிள்ளையை இழந்த பெண்களோட வேலை செய்றவங்க, இது செத்துப்போன பொண்ணோட நினைவுக்கே அவமானம்னு அப்பவே சொன்னாங்க. யாரும் காதுல வாங்கல. 2023-ல கான்பூர்லேர்ந்து 'பிரபல்' ரிவால்வர் வந்தப்பவும் செய்திகள்ல அதே ஹேண்ட்பேக் கதைதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். என் ஷீட் ஏன் குப்பைன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

1. சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி - இதுவே தப்பு

இஞ்சினியரிங் படிச்ச எனக்கே உறைக்கல பாருங்க. அதே தோட்டா அதே வேகத்துல போகுதுன்னா, துப்பாக்கி பின்னால உதைக்கிற ஆற்றல் துப்பாக்கியோட எடைக்கு எதிர்விகிதம். 700 கிராமை 500 ஆக்கினா உதை 40 சதவீதம் கூடும். .32 சின்னத் தோட்டாதான், கையை உடைச்சிடாது. ஆனா "லேசா இருக்கு, பொம்பளைங்களுக்கு ஈஸி"ங்கறது தலைகீழ் கணக்கு. தூக்கறதுக்கு ஈஸி, சுடறதுக்குக் கஷ்டம்.

அடுத்தது ட்ரிகர். ரிவால்வர்ல சுத்தியலைப் பின்னால இழுத்து வைக்காம நேரடியா சுட்டா, ஒவ்வொரு தடவையும் விரலால நாலு அஞ்சு கிலோ விசை கொடுக்கணும். ஸ்பிரிங்கை லேசாக்க முடியாதான்னா, ஓரளவுக்கு மேல முடியாது. சுத்தியல் போதுமான வேகத்துல அடிக்கலன்னா தோட்டா வெடிக்காது. பிடியை இழைச்சு மெலிசாக்கலாம், ஸ்பிரிங்கை ஏமாத்த முடியாது. விரல் எட்டலன்னா கையைப் பக்கவாட்டுல திருப்பிப் பிடிப்பாங்க. அப்ப உதை முன்கைக்குப் போகாது, கட்டைவிரல் மூட்டுல இறங்கும். குறியும் தப்பும்.

எங்க ஊர்ப் பக்கம் பீங்கான் வேலை செய்றவங்களைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. கப்பை மொத்தமா சின்னதாக்கினா காதும் சின்னதாயிடும், அப்புறம் அதுல விரல் நுழையாது. சின்னக் கைக்கு எது பொருந்தும்னு தெரியணும்னா அந்தக் கையில கொடுத்துப் பார்க்கணும். தூங்கறப்ப ஸ்கேல் வெச்சுப் பார்த்தா தெரியாது.

இதைப் படிச்சுட்டு "அப்ப பொண்ணுங்களால சுட முடியாதுங்கறியா"ன்னு கிளம்பாதீங்க. நம்ம கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் ரைஃபிள்ல உலகக் கோப்பைத் தங்கம் வாங்கினவங்க. மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல பிஸ்டல்ல ரெண்டு வெண்கலம். போட்டி பிஸ்டலோட பிடியை அவங்கவங்க கைக்குத் தகுந்த மாதிரி இழைச்சுக்குவாங்க. அதுக்கு மேல வருஷக்கணக்கா பயிற்சி. கையில குறை இல்லை சாமி. கையைக் கேக்காம பெட்டியை நீட்டுறதுலதான் குறை.

2. "வாங்கிக் கொடுக்க" சட்டத்துல இடமே இல்ல

ஆயுதச் சட்டம், 1959. லைசென்ஸ் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்ல. என் பேர்ல வாங்கி அவங்க பையில போட்டா ரெண்டு பேரும் கம்பி எண்ணணும். அவங்களே விண்ணப்பிக்கணும், போலீஸ் விசாரணைக்குப் பதில் சொல்லணும், 2016 விதிகள்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கணும். மாவட்டத்துல கலெக்டர் மனசு வைக்கணும். சரி, கிடைச்சுதுன்னே வெச்சுக்குவோம். திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம், இங்கெல்லாம் சிறப்பு அனுமதி இல்லாம கொண்டு போகக் கூடாதுன்னு லைசென்ஸ்லயே நிபந்தனை இருக்கு. தேர்தல் அறிவிச்சா ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க.

இப்ப அண்ணா பல்கலைக்கழகத்தை நினைச்சுப் பாருங்க. வளாகத்துக்குள்ள ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்கு, வளாகத்துக்குள்ள கொண்டு போகவே முடியாத பொருளைத் தீர்வுன்னு ஃபார்வேர்டு பண்ணினோம். அதுல பாதிப் பேர் இஞ்சினியர்கள். அவ்வ்வ்வ்.

3. யார்கிட்டேர்ந்து பாதுகாப்பு?

இதுதான் முக்கியம். நம்ம மனசுல இருக்குற வில்லன் இருட்டுல நிக்கிற அந்நியன். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட அறிக்கைகளை எடுத்துப் பாருங்க. பெரும்பாலான வருஷங்கள்ல பாலியல் வன்கொடுமை வழக்குகள்ல 90 சதவீதத்துக்கு மேல குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிஞ்சவன். பெண்களுக்கு எதிரான குற்றங்கள்ல வருஷா வருஷம் முதலிடம் எதுக்கு? கணவனும் அவன் சொந்தக்காரங்களும் பண்ற கொடுமைக்கு. 2022-ல மட்டும் சுமார் 31 சதவீதம். அந்த ஆளுங்க எல்லாம் வீட்டு பீரோ சாவி எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க. நீங்க வாங்கி வைக்கிற துப்பாக்கியும் அதே பீரோவுலதான் இருக்கும்.

மதுரையில 2012-ல நடந்தது ஞாபகம் இருக்கா? பெத்த பொண்ணையே கெடுக்கப் பார்த்த கணவனை ஒரு தாய் அடிச்சுக் கொன்னாங்க. தற்காப்பு உரிமைன்னு சொல்லி, இ.பி.கோ. 100-வது பிரிவைக் காட்டி போலீஸே அவங்களை விடுவிச்சுது. (2024 ஜூலையிலேர்ந்து அது பி.என்.எஸ். 38-வது பிரிவு.) அவங்க கையில இருந்தது கிரிக்கெட் மட்டை. இப்ப அந்த வீட்டுல ஒரு துப்பாக்கி இருந்திருந்தா அது யார் கையில இருந்திருக்கும்? யோசிச்சுட்டுச் சொல்லுங்க. எனக்கு அந்தக் கேள்விக்கு அப்புறம் ஷீட்டைத் திறக்கவே பிடிக்கல.

சரி, கதையோட மீதிக்கு வர்றேன்.

நாலாவது நாள் தங்கமணி என் லேப்டாப்புல ஷீட்டைப் பார்த்துட்டாங்க. திட்டுவாங்கன்னு பயந்தேன். திட்டல. ரெண்டே கேள்வி.

"லைசென்ஸ் யார் பேர்ல?"

நான் முழிச்சேன்.

"பின்னாடி வந்தவன் யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க ஏங்க அதைக் கேக்கவே இல்ல?"

மக்களே, அந்த இடத்துல எனக்குப் பேச்சு வரல. நாலு நாளா தோட்டாவோட வேகம் வரைக்கும் படிச்சவன், "யாரு அது"ன்னு ஒரு வார்த்தை கேக்கல. தெரிஞ்ச பையன்தானாம். ஏற்கெனவே ரெண்டு தடவை பஸ் ஸ்டாப்புல நின்னு முறைச்சிருக்கான். இதை என்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன். "சொன்னா வேலையை விடச் சொல்வீங்க, இல்ல இப்படி ஏதாவது பண்ணுவீங்க"ன்னாங்க. சுருக்குன்னு இருந்துச்சு. பொய்யும் இல்ல.

நான் கான்பூர் விலைப்பட்டியல் பார்த்துக்கிட்டிருந்த அந்த நாலு நாள்ல அவங்க என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா? கூட வேலை பாக்குற ரெண்டு பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு அவன் வீட்டுக்கே போய் அவங்க அம்மாகிட்ட பேசியிருக்காங்க. அடுத்த தடவை 181-க்கு போன் பண்ணுவோம், ஸ்டேஷன்ல எழுதிக் கொடுப்போம்னு அவன் முன்னாடியே சொல்லியிருக்காங்க. மூணு பேரும் ஒரே பஸ்ல வர்ற மாதிரி வேலை நேரத்தையும் மாத்திக் கேட்டு வாங்கிட்டாங்க. மூணு வாரமா அவனைக் காணோம். இத்தோட எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லல. இன்னிக்கும் பஸ்லேர்ந்து இறங்கினா திரும்பிப் பார்த்துட்டுத்தான் நடக்கறாங்களாம். எந்தத் துப்பாக்கியும் அந்தத் திரும்பிப் பார்க்கறதை நிறுத்தியிருக்காது.

அதனால சக பதிவர்களே, உங்க வீட்டுல ஒரு பெண் தானா முடிவு பண்ணி, தன் பேர்ல விண்ணப்பிச்சு, பயிற்சி எடுத்து, தன் கைக்குப் பொருந்துறதை வாங்கினா அது அவங்க உரிமை. அதுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா நகைப்பெட்டியில வெச்சு நீங்க நீட்டாதீங்க. அவங்க கை எவ்வளவு நீளம்னு அளக்கறதுக்கு முன்னாடி, என்ன நடந்துச்சுன்னு உக்காந்து கேளுங்க. கேட்டா கோபப்படாம இருப்பீங்கன்னு அவங்க நம்பற மாதிரி நடந்துக்குங்க. எனக்கு அதுவே பெரிய வேலையா இருக்கு.

டிஸ்கி: "லைசென்ஸ் எதுக்கு, பீகார் பக்கம் சல்லிசா கிடைக்கும்"னு ஒரு நண்பர் காதுல ஓதினார். லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். பொண்டாட்டியைக் காப்பாத்தப் போய் அவங்களை ஜெயிலுக்கு மனு போட்டுப் பாக்க வர வெச்சுடாதீங்க.