ஒரு வேலையும் இல்லாமல் ஒருநாள் கொழும்புக்குப் போங்கள்



பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் காலம் இது. இந்த நேரத்தில் ஊர் மக்களோடு ஒரு விடயம் பேச வேண்டும் என்று நினைக்கிறோம். பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

நம்மூர் ஆட்கள் கொழும்புக்குப் போகாத நாளில்லை. இரவு பஸ்கள் நிரம்பித்தான் போகின்றன. ஆனால் எதற்குப் போகிறோம்? மஹரகமைக்குச் சிகிச்சைக்கு. பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக்குக்கு. பத்தரமுல்லைக்குப் பாஸ்போட்டுக்கு. வெளிநாடு போக ஏஜென்சிக்கு. இல்லாவிட்டால் கல்யாண உடுப்பு எடுக்கப் புறக்கோட்டைக்கு. விடிய இறங்கி, பொத்தானையும் பைலையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடி, வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுகிறோம். ஐம்பது தடவை போனவரிடம் கேட்டாலும் கொழும்பில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. வாட்டு இலக்கமும் கவுன்டர் இலக்கமும்தான் தெரியும்.

138 இலக்க பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அது மஹரகமை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ். அந்த இலக்கத்தைக் கேட்டாலே உம்மாமாருக்கு நெஞ்சு பதறும். அதே பஸ்தான் பொது நூலகத்தைக் கடந்து போகிறது. அங்கே இறங்கிக் கொஞ்சம் நடந்தால் தேசிய நூதனசாலை. நோயாளியோடு எத்தனையோ தரம் அந்த வழியால் போயிருக்கிறோம், இறங்கியதில்லை.

இதனால் என்ன குறை என்று கேட்கலாம். குறை பிள்ளைகளிடம் தெரிகிறது. நம்மிடம் படித்த ஒரு பையனுக்குக் கொழும்பில் படிக்க இடம் கிடைத்தது. மூன்றாவது கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். பாடம் கஷ்டமா என்று கேட்டோம். இல்லை. எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் தினமும் ஓட்டோவுக்குக் காசு கொடுத்திருக்கிறான். கடைக்குள் போய்ச் சிங்களத்தில் கேட்க வெட்கப்பட்டு, அறையில் பிஸ்கட் தின்று படுத்திருக்கிறான். நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை. அவனுக்கு நாம் எல்லாம் படிப்பித்தோம், ஒரு நகரத்தில் தனியே ஒருநாள் இருக்கப் பழக்கவில்லை. இப்படித் திரும்பி வந்தவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள்.

சுற்றுலா கூட்டிப் போகிறோமே என்பீர்கள். நாற்பது பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் ஏற்றி, பாட்டுப் போட்டு, ஊரில் கட்டிய சோற்றுப் பார்சலையே கொடுத்து, வரிசையாக இறக்கி வரிசையாக ஏற்றினால் பிள்ளை எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. பஸ் போர்டு வாசிக்க வேண்டியதில்லை, மிச்சக் காசு எண்ண வேண்டியதில்லை. தனியே போனால்தான் வாய் திறக்கும். ஆகவே நம் கருத்து இதுதான்: வளர்ந்த பிள்ளைகள், இளம் ஆசிரியர்கள், ஏன் வாப்பாமாரும்கூட, எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் ஒருநாள் தனியே கொழும்புக்குப் போய் வர வேண்டும். போகுமுன் ஒரு தாளில் திட்டம் எழுத வேண்டும். ஐந்தாறு இடம் போதும். பத்து இடம் எழுதினால் எட்டு இடத்தை ஓட்டோவுக்குள் இருந்துதான் பார்ப்பீர்கள்.

நாம் ஒரு திட்டம் சொல்கிறோம்.

இரவு பஸ் விடியுமுன் இறக்கிவிடும். இருட்டில் அலைய வேண்டாம். புறக்கோட்டையில் பள்ளிகளுக்குக் குறைவில்லை. சுபஹ் தொழுது, வெளிச்சம் வந்தபின் ஒரு கடையில் இடியப்பமும் பருப்பும் சம்பலும் சாப்பிட்டு ஒரு பிளேன்டீ குடியுங்கள். பிறகு இரண்டாம் குறுக்குத் தெருவுக்கு நடந்தால் சம்மாங்கோட்டுப் பள்ளி. சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாக நிற்கும் அந்தப் பள்ளி 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. தெரு நெரிசலாகுமுன் பார்த்தால்தான் தலை நிமிர்ந்து முழுதாகப் பார்க்கலாம். அங்கிருந்து கோட்டைப் பக்கம் நடந்தால் மணிக்கூட்டுக் கோபுரம். ஒருகாலத்தில் அதுவேதான் துறைமுகத்துக்கு வெளிச்சவீடாகவும் இருந்தது.

அடுத்தது 138இல் ஏறி நூதனசாலை. 1877இல் திறந்த இந்தக் கட்டடத்தைக் கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார், நம் சமூகத்தவர். என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வையுங்கள் என்றுதான் அவர் கேட்டார் என்று நம்மிடையே ஒரு கதை உண்டு. நீண்டகாலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடித்தான் இருந்தது. உள்ளே கண்டி அரசனின் சிம்மாசனத்தை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் திகதி போட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வந்துறைக் கோயில் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அறுநூறு வருடத்துக்கு முன்பே இந்த நாட்டின் ஒரு கல்லில் தமிழும் பாரசீகமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கின்றன. வகுப்பில் பத்துத் தரம் சொல்வதை விட அந்தக் கல்லின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்பது மேல்.

வெளியே வந்து விகாரமகாதேவிப் பூங்காவால் நடந்து, நகர மண்டபத்தைப் பார்த்துவிட்டு, கொம்பனித்தெருவுக்குப் போங்கள். லுஹருக்கு அங்கே பள்ளிகள் உண்டு. சாப்பாடும் அங்கேயே. மலாய்க்காரர் பலகாலமாக வாழும் இடம் அது. நாசிகொரேங்கோ, பிட்டோடு பாபத் கறியோ கிடைத்தால் விடாதீர்கள். ஊரில் சாப்பிடுகிற புரியாணியைத் தேடி அலையாதீர்கள், அது ஊரிலேயே நன்றாக இருக்கும். ஹலாலா என்று சந்தேகம் வந்தால் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

பக்கத்தில்தான் பேரவாவி. நீரின் மேல் சீமமாலக என்ற பௌத்த தியான மண்டபம் நிற்கிறது. வடிவமைத்தவர் ஜெப்ரி பாவா. அதைக் கட்டச் செலவு கொடுத்தது ஒரு முஸ்லிம் வர்த்தகரும் மனைவியும், இறந்துபோன தங்கள் மகனின் நினைவாக. 2019க்குப் பிறகு நம்மில் பலர் இப்படியான இடங்களின் பக்கம் போகவே கூச்சப்படுகிறோம். தொப்பியோடும் அபாயாவோடும் போனால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் நாம் ஒதுங்க ஒதுங்க நம்மைத் தெரியாதவர்களின் தொகைதான் கூடும். வாசலில் செருப்பைக் கழற்றி, அமைதியாக நின்று பார்த்து வருவதால் நம் ஈமானுக்கு ஒன்றும் ஆகாது.

நேரம் இருந்தால் கொம்பனித்தெரு ஸ்டேஷனில் ரயில் ஏறி வெள்ளவத்தை வரை போங்கள். கந்தோர் விடுமுன் போனால் இருக்க இடம் கிடைக்கும். கடல் பக்க ஜன்னலில் இருந்தால் அலை காலடியில் அடிப்பதுபோல் இருக்கும். கொழும்பில் இதைவிட மலிவான உல்லாசம் இல்லை. திரும்பி 100 இலக்க பஸ்ஸில் காலிமுகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் மக்கள் காற்று வாங்க அமைத்த திடல் அது. இறால் வடையை விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். மஃரிபுக்குப் பிறகு இரவு பஸ்ஸுக்கு நேரம் சரியாக இருக்கும். பஸ்ஸுக்கு முன்கூட்டியே ஆசனம் பதிந்து வையுங்கள்.

சில்லறைக் காசு நிறைய வைத்திருங்கள். ஓட்டோவில் ஏறுமுன் மீட்டர் ஓடுமா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அப் மூலம் எடுங்கள். பவர்பேங்க் ஒன்று வேண்டும். வீட்டார் இலக்கத்தைத் தாளிலும் எழுதி வையுங்கள். சிங்களத்தில் மூன்று வசனம் போதும்: “கீயத?” என்றால் எவ்வளவு. “மெதன பஹினவா” என்றால் இங்கே இறங்குகிறேன். “இதுரு சல்லி” என்றால் மிச்சக் காசு. பிழையாகப் பேசினாலும் யாரும் அடிக்க வரமாட்டார்கள். சிரித்துக்கொண்டு திருத்துவார்கள், அதுவும் ஒரு பாடம்தான்.

இனிப் பெண்பிள்ளைகள் விடயம். தனிப் பயணம் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ஆலிம்களிடம் கேட்டு முடிவெடுக்கட்டும். நாம் அதில் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் நடப்பது ஒன்று இருக்கிறது. கெம்பஸுக்கும் கல்விக் கல்லூரிக்கும் நம் பெண்பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். போகப்போகிற பிள்ளைக்கு வழி தெரியாமல் வைத்திருப்பது எந்தப் பாதுகாப்பும் இல்லை. வாப்பாவோ நானாவோ கூடப் போங்கள். ஆனால் பத்தடி பின்னால் நில்லுங்கள். பஸ்ஸை அவள் விசாரிக்கட்டும், காசை அவள் கொடுக்கட்டும், மெப்பை அவள் பார்க்கட்டும். எல்லாப் பள்ளிகளிலும் பெண்கள் தொழ இடமில்லை என்பதையும் நினைவில் வைத்து, எங்கே இருக்கிறது என்று முதலே விசாரித்துக்கொள்ளுங்கள்.

“ஊர் சுத்தக் காசு எங்கே?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பஸ் காசும் இரண்டு நேரச் சாப்பாடும் இன்றைய நிலையில் பலருக்குச் சுமைதான். அதனால்தான் ஒருநாள் என்கிறோம், அறை எடுத்துத் தங்கச் சொல்லவில்லை. பரீட்சை முடிந்த பிள்ளைக்குப் புதிய ஃபோன் வாங்கப் பேசிக்கொண்டிருக்கும் வீடுகள் முதலில் இதை யோசிக்கலாம். வசதியுள்ளவர்கள் வசதியில்லாத ஒரு பிள்ளையின் பயணச் செலவை ஏற்றால் அதுவும் நல்ல காரியம்.

அடுத்த தடவை மஹரகமைக்கோ பத்தரமுல்லைக்கோ போகத்தான் வேண்டியிருக்கும், அதை யாராலும் தடுக்க முடியாது. அப்படிப் போகும்போது கூடப் போகிற பிள்ளைக்கு வழி தெரிந்திருந்தால் நோயாளிக்கும் அது ஆறுதல்.

கொழும்பு நன்றாகத் தெரிந்தவர்கள், நாம் விட்ட இடத்தையும் நல்ல சாப்பாட்டுக் கடையையும் கீழே எழுதுங்கள். கண்டி, யாழ்ப்பாணம், காலி தெரிந்தவர்கள் அந்த ஊர்களுக்கு இப்படி ஒருநாள் திட்டம் எழுதித் தந்தால் எல்லாவற்றையும் சேர்த்துப் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டி வைப்போம், இன்ஷா அல்லாஹ்.