வீட்டுத் தரகருக்கும் பதிவு எண் வேண்டும்

ஆசிரியருக்கு,

வீட்டை விற்றுத் தரும்படி ஒரு தரகரிடம் சொன்னால் போதும். மூலப்பத்திரத்தின் ஜெராக்ஸ் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றுகிறது. பத்திரப்பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் நான்கு பேர் வந்து, "பார்ட்டி நம்ம மூலமாத்தான் வந்தது" என்று கமிஷனுக்கு மல்லுக்கு நிற்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற திட்டங்களில் மனை, அடுக்குமாடி வீடு விற்றுத்தரும் முகவர்கள் பதிவு செய்தே ஆக வேண்டும். நாம் குடியிருந்த பழைய தனி வீட்டை விற்றுத்தருபவருக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. கமிஷன் பேரமும் வாய்ப்பேச்சோடு சரி.

தமிழக அரசு இவர்களையும் பதிவுக்குள் கொண்டுவந்து, எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை விற்பவர்கள் கமிஷனை எழுதிக்கொள்ளாமல் ஜெராக்ஸ்கூடத் தர வேண்டாம். அட்வான்ஸைத் தரகர் கையில் விடாமல், தங்கள் வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள்.

– ஒரு வாசகர், தாம்பரம்