பெயர் வாளுக்கு, வெற்றி துப்பாக்கிக்கு

அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) பார்த்தவர்களிடம் எது நினைவிருக்கிறது என்று கேளுங்கள். கொட்டும் மழை, சேறு, அதில் சுழலும் வாள்கள் என்பார்கள். படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். ஏழு பேரில் நால்வர் சாகிறார்கள். ஒருவர்கூட வாளுக்குப் பலியாகவில்லை. நால்வரையும் கொல்வது துப்பாக்கி. கொள்ளைக்காரர்களிடம் இருப்பதோ மூன்றே துப்பாக்கிகள். வாள்வித்தையில் ஈடில்லாத கியூசோ, தன்னைச் சுட்டவனை நெருங்கக்கூட முடியாமல் விழுகிறான்.

இது டைரக்டரின் தந்திரமல்ல. சரித்திரமே அப்படித்தான். 1467ல் கியோட்டோவில் ஓனின் போர் மூண்டது முதல் நூறு வருஷத்துக்கும் மேலாக ஜப்பானில் உள்நாட்டுச் சண்டை. மத்திய அதிகாரம் பெயருக்குத்தான்; டைம்யோ எனப்பட்ட பிரபுக்கள் ஆளுக்கொரு கோட்டையும் படையுமாக மோதிக்கொண்டார்கள். 1543ல் தனேகஷிமா தீவுக்கு வந்துசேர்ந்த போர்த்துக்கீசியர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. உள்ளூர்க் கொல்லர்கள் பார்த்துப் பார்த்து அதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். வில்லுக்குப் பல வருஷப் பயிற்சி வேண்டும். திரி வைத்துச் சுடும் துப்பாக்கியைக் குடியானவனுக்கும் கொஞ்ச நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பரம்பரை வீரனுக்கு அன்றே சனி பிடித்தது.

1575ல் நாகஷினோவில் அது அம்பலமானது. தகேதா குலத்தின் படை பாய்ந்து வந்தது. மரவேலிகளுக்குப் பின்னால் ஓடா நொபுனாகாவின் துப்பாக்கிக்காரர்கள் காத்திருந்தார்கள். 3,000 துப்பாக்கிகள் என்ற கணக்கையும், வரிசை வரிசையாகச் சுட்டார்கள் என்ற கதையையும் சரித்திர ஆசிரியர்கள் சிலர் சந்தேகிக்கிறார்கள். தகேதா படை நொறுங்கியதில் சந்தேகமில்லை.

இதுதான் ‘ககேமுஷா’வின் (1980) க்ளைமாக்ஸ். வேறு டைரக்டராக இருந்தால் ரத்தமும் கூச்சலுமாக நிரப்பியிருப்பார். குரோசாவா சுடுபவர்களைக் காட்டுகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் தளபதிகளின் வெளிறிய முகங்களைக் காட்டுகிறார். விழுபவர்களைக் காட்டவில்லை. எல்லாம் முடிந்தபின், எழ முயன்று எழ முடியாமல் துடிக்கும் குதிரைகள். வீரம் எங்கே என்று தேடினால் கிடைக்காது.

‘ரான்’ (1985) இன்னும் கொடுமை. கோட்டை எரிகிறது, ஆட்கள் மடிகிறார்கள், சத்தமே இல்லை, இசை மட்டும். அந்த மௌனத்தை உடைப்பது ஒரு துப்பாக்கி வெடி. செத்தவன் மூத்த மகன். சுட்டவன் தம்பியின் ஆள்.

ஹாலிவுட்டுக்கு வாள்தான் பிடிக்கிறது. ‘தி லாஸ்ட் சாமுராய்’ (2003) படத்தில் துப்பாக்கியை வெறுக்கும் வீரர்கள் குண்டு மழைக்குள் பாய்கிறார்கள். அந்தக் கதைக்கு ஆதாரமான 1877 சத்சுமா கலகத்தில் சைகோ தகமோரியின் ஆட்கள் துப்பாக்கி ஏந்தித்தான் போரிட்டார்கள். கடைசியில் வாளே கதி என்று ஆனதற்குத் தோட்டா தீர்ந்ததும் ஒரு காரணம்.

வாள் சாமுராயின் ஆன்மா என்ற புகழ்ச்சி வளர்ந்தது போர்க்களத்தில் அல்ல. 1615ல் ஒசாகா கோட்டை விழுந்தபின் டோகுகாவா ஆட்சியில் வந்த நீண்ட அமைதியில்தான். சண்டையில்லாத சாமுராய் கணக்கெழுதும் அதிகாரியாகிவிட்டார். இடுப்பு வாள் அந்தஸ்தின் அடையாளமாயிற்று. போருக்கே போகாதவர்கள் போர்தர்மம் எழுதினார்கள். அந்தக் கற்பனையைத்தான் இருபதாம் நூற்றாண்டு ராணுவம் தூசி தட்டி எடுத்தது. அதிகாரிகள் இடுப்பில் வாள் தொங்கியது; இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சாக அனுப்பப்பட்டார்கள். 1945ல் ஜப்பான் சரணடைந்தபோது குரோசாவாவுக்கு 35 வயது. அந்தக் கற்பனைக்கு என்ன விலை என்பதைக் கண்ணால் பார்த்த தலைமுறை.

‘செவன் சாமுராய்’ முடியும்போது மேட்டில் நான்கு சமாதிகள். கீழே குடியானவர்கள் பாடிக்கொண்டே நாற்று நடுகிறார்கள். ஜெயித்தது அவர்கள்தான், நாமல்ல என்கிறார் மிஞ்சிய மூத்த சாமுராய். நான்கு சமாதிகளின் மேலும் வாள் குத்தி நிற்கிறது. உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற அதனால் முடியவில்லை.