சும்மா கிடைத்த சீட்டுக்கட்டு
1990-இல் விண்டோஸ் 3.0-வோடு வந்த சாலிட்டேரை எழுதியவர் வெஸ் செர்ரி, மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்த இளைஞர். அதற்காக அவருக்கு ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை. நமக்கோ வாங்கிய கணினியிலேயே ஆட்டம் கிடந்தது, இணையம்கூட வேண்டாம். விண்டோஸ் 10-இல் அதே ஆட்டத்துக்கு நடுவே விளம்பரம் வந்தது. வேண்டாமென்றால் சந்தா கட்டு என்றார்கள். தொந்தரவை அவர்களே வைத்து, அதை எடுக்கக் கூலியும் கேட்பதற்குப் பெயர் இலவசமா?

‘சும்மாதானே குடுக்குறான், விளம்பரம் பார்த்தா என்ன குறைஞ்சுடும்?’ என்பார்கள். குறைவது தனிமை. சாலிட்டேர் ஒற்றை ஆள் ஆட்டம். எதிராளி கிடையாது, வேடிக்கை பார்ப்பவரும் கிடையாது. அங்கேயும் ஒரு வியாபாரியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

இலவசமாகவே வேண்டுமா? பைசால்எஃப்சி போன்ற திறமூல ஆட்டங்களைத் தேடுங்க. இல்லையா, கடையில் ஒரு சீட்டுக்கட்டு வாங்குங்க. 52 சீட்டைக் கலைத்து ஏழு வரிசை போட்டால் ஆட்டம் தயார்.