சிவப்புப் புள்ளியை நம்பலாமா?

டெக்சாஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவனுடைய நண்பர் ஒருவர் தம் கைத்துப்பாக்கியைக் காட்டினார். குழலுக்குக் கீழே லேசர். "கடையிலேயே செட் பண்ணிட்டாங்க அங்கிள். புள்ளி எங்கேயோ, குண்டும் அங்கேதான்" என்றார். ராணுவத்தில் 24 வருடம் இருந்த எனக்குச் சுருக்கென்றது.

சுத்தப் பொய். லேசர் குழலுக்கு 2 அங்குலம் கீழே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 7 கெஜத்தில் புள்ளியும் குண்டும் சேரும்படி திருகினால், அங்கே மட்டும்தான் சேரும். 14 கெஜத்தில் குண்டு புள்ளிக்கு 2 அங்குலம் கீழே போகும். 21 கெஜத்தில் 4 அங்குலம். பள்ளிக்கூடக் கணக்குதான். எத்தனை கெஜத்துக்குச் செட் செய்தார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை.

"சுட்டுப் பார்த்தீங்களா தம்பி?"

அதுவும் இல்லை. சுடாமல் ஜீரோயிங் ஏது? கையைத் தாங்கலில் வைத்து, ஒரே இடத்தைக் குறிவைத்து ஐந்து குண்டாவது சுட வேண்டும். ஐந்தும் நெருக்கமாக விழுந்தால், அவற்றின் நடுவைப் பார்த்துத் திருகைத் தொடலாம். சிதறினால், லேசர் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடவில்லையென்றால் கோளாறு உங்கள் விரலில். விசையை வெடுக்கென்று இழுப்பவருக்கு எந்த லேசரும் உதவாது.

"வீட்டுக்குள்ள எதுக்கு அங்கிள் இவ்வளவு கணக்கு?" என்று சிரித்தார். அந்த ஊர் வீடுகளில் உள்சுவர் என்பது மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். தவறிய குண்டு அதில் நிற்காது. அடுத்த அறையில் அவருடைய இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சுட்டுப் பழக நேரமில்லை என்பவருக்கு லேசர் வேண்டாம். துப்பாக்கியே வேண்டாம்.