வரி போனது, பில் வந்தது

ஹார்பர் லைனில் செம்பூருக்கும் மான்குர்டுக்கும் நடுவில் இருக்கிறது கோவண்டி. கட்டட விளம்பரங்களில் இந்தப் பெயரைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எழும் அடுக்குமாடியும் விளம்பரத்தில் 'தேவ்னார்' என்றோ 'செம்பூர்' என்றோ ஆகிவிடும். காரணம் மும்பைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். 1927-லிருந்து நகரத்தின் குப்பையைச் சுமந்த மைதானம், 1971-ல் வந்து சேர்ந்த இறைச்சிக்கூடம், சிவாஜி நகர், பைகன்வாடி என்று நீளும் குடிசைகள். 2009-ஆம் ஆண்டுக்கான மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கை, நகரின் 24 வார்டுகளில் கோவண்டி அடங்கிய 'எம் கிழக்கு' வார்டுக்குத்தான் கடைசி இடம் கொடுத்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் கோவண்டியில் வீடு வைத்திருப்பவர் மலபார் ஹில்காரரை விடக் கொடுத்து வைத்தவர். 500 சதுர அடிக்கு மேற்படாத வீடுகளுக்குச் சொத்து வரியே இல்லை என்று 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தது. நகரில் சுமார் 16 லட்சம் வீடுகளுக்கு லாபம் என்று சொல்லப்பட்டது. கோவண்டியின் பெரும்பாலான வீடுகள் அந்த அளவில் பாதியைக்கூட எட்டாதவை.

வரி பூஜ்யம் என்றால் வீட்டுக்காரர் நிம்மதியாகச் சொந்த வீட்டில் காலம் தள்ள வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, தான் வேறு எங்கோ வாடகைக்கு இருப்பவர்கள் இங்கே ஏராளம். அவர்களை வெளியே அனுப்பியது எது?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு 'சொத்து வரி' என்று உடனே பதில் வரும். அங்கே உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களுக்கான பணத்தில் பெரும் பங்கு அந்த வரியிலிருந்து வருவதால், ஊருக்கு ஊர் வரி மாறுகிறது, பார்த்துத்தான் குடியேறுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 1978-ல் மக்களே வாக்களித்து, வரியைச் சொத்து மதிப்பில் 1 சதவிகிதத்தோடு கட்டிப் போட்டார்கள். வீடு கைமாறும் வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவிகிதத்துக்கு மேல் ஏறாது. பழைய வீட்டுக்காரருக்குக் குறைந்த வரி, பக்கத்தில் புதிதாக வாங்கியவருக்குப் பல மடங்கு வரி. விற்றால் சலுகை போய்விடுமே என்று பலர் நகராமலே இருந்துவிட்டார்கள்.

இந்த விளையாட்டை பம்பாய் அதற்கு முன்பே ஆடியிருக்கிறது. 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டப்படி, ஒரு வீடு என்ன வாடகை பெறும் என்பதை வைத்து வரி போட்டார்கள். 1947-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ வாடகையை 1940 செப்டம்பர் அளவிலேயே உறைய வைத்தது. வாடகை உறைந்தால் வரியும் உறையும். எனவே தெற்கு மும்பையிலும் மாதுங்காவிலும் பழைய கட்டடங்களுக்குச் சொற்ப வரி. புறநகரில் கடன் வாங்கிப் புதிதாக வீடு வாங்கியவருக்குச் சதுர அடிக் கணக்கில் அதிக வரி. மாதுங்காவின் பழைய வாடகை வீட்டில் அப்பா இருக்க, பிள்ளைகள் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று கிளம்பிப் போன தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் அனுபவத்தில் தெரியும். நகரத்தின் நல்ல தெருக்களுக்கான செலவில் புறநகர்க்காரர் தன் சக்திக்கு மேல் பங்கு கொடுத்தார்.

2010 ஏப்ரல் முதல் சொத்தின் சந்தை மதிப்பை வைத்து வரி என்று முறை மாறியது. சிறிய வீடுகளுக்கு வரி ஏறாமல் பாதுகாப்பு தந்தார்கள். 2019-ல் 500 சதுர அடி வரை வரி ரத்து என்று அறிவிப்பு வந்தது. ஆனால் ரத்தானது 'பொது வரி' என்ற ஓர் இனம் மட்டும். சாக்கடை, கல்வி, தெரு, மரம் என்று பில்லில் மற்ற இனங்கள் அப்படியே நின்றன. 2022-ல்தான் எல்லாமே நீங்கின. இது ஏழைக்கு நியாயம் செய்த முடிவு, அதில் சந்தேகமில்லை.

இனி கோவண்டியின் நட்வர் பாரேக் காம்பவுண்டுக்குப் போகலாம். ரயில் பாதைகளை அகலப்படுத்தவும் சாலை போடவும் உலக வங்கிக் கடனில் 2002-ல் தொடங்கிய நகரப் போக்குவரத்துத் திட்டத்துக்காக, தண்டவாள ஓரத்திலும் சாலை ஓரத்திலும் இருந்த குடும்பங்களைப் பெயர்த்தார்கள். அவர்களில் பலரைக் கொண்டுவந்து வைத்தது இங்கேயும் மான்குர்டின் லல்லுபாய் காம்பவுண்டிலும்தான். ஆளுக்கு 225 சதுர அடி, இலவசம். மறுகுடியமர்த்தலில் குறைகள் இருப்பதாகப் புகார் போய், 2006-ல் உலக வங்கி கடனின் ஒரு பகுதியைச் சில மாதம் நிறுத்தியே வைத்தது.

குடிசையில் இருந்தவரைக்கும் அவருக்கு லிஃப்ட் கிடையாது; லிஃப்ட் பில்லும் கிடையாது. இங்கே ஏழாவது மாடி. லிஃப்ட் ஓட மின்சாரம், தண்ணீர் மேலே ஏற பம்ப், மாடிப்படிக்கு விளக்கு, கூட்டுபவருக்குச் சம்பளம் என்று மாதா மாதம் சொசைட்டிக்குக் கட்ட வேண்டும். முன்பு வேலை, குடிசைக்கு நடை தூரத்தில் இருந்தது. இப்போது ரயில் பாஸ். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கு அந்த நாலு வீடும் தாதரிலோ குர்லாவிலோ நின்றுவிட்டது. வருமானம் குறைந்த அதே மாதத்தில் செலவு கூடுகிறது. பாதிப் பேர் கட்டாவிட்டால் லிஃப்ட் நிற்கும். நின்ற லிஃப்டுக்கு மீதிப் பேரும் கட்ட மாட்டார்கள். முழங்கால் வலிக்காரர் ஏழாவது மாடியில் எத்தனை நாள் இருப்பார்? வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடி ஒரு குடிசைக்குப் போவது முட்டாள்தனமில்லை. அது கணக்கு.

கணக்கில் வராத செலவும் உண்டு. கட்டடங்களை மிக நெருக்கமாகக் கட்டியதால் கீழ்த் தளங்களில் வெயிலும் காற்றும் நுழைவதில்லை. 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் குடியிருப்புகளில் காசநோய் மிகுந்திருப்பதை இந்த நெருக்கத்தோடு சேர்த்துக் காட்டியது.

தண்டவாளத்துக்குத் தெற்கே, தேவ்னார் பக்கத்து நடுத்தர வர்க்கத்துக்கும் வேறு ரூபத்தில் இதே கதைதான். லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடிக் கட்டடத்தை இடித்து பில்டர் கோபுரம் எழுப்புகிறார். 450 சதுர அடிக்காரருக்கு 600 சதுர அடி கிடைக்கிறது. எல்லோரும் வாழ்த்துகிறார்கள். 500-ஐத் தாண்டியதால் சொத்து வரி திரும்ப வந்து உட்காருகிறது. அதை விடப் பெரிது மெயின்டனன்ஸ்: லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி, தோட்டம். பெரிய சொசைட்டிகளில் அது மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வேறு. பென்ஷனில் வாழ்பவர் வீட்டை வாடகைக்கு விட்டுப் பன்வெலுக்கோ பத்லாபூருக்கோ, இல்லை, கோயம்புத்தூருக்கோ போய்விடுகிறார். இப்படி ஒரு குடும்பத்தையாவது தெரியாத செம்பூர்த் தமிழர் இருக்க மாட்டார்.

இதில் ஒரு முரண்பாடு கவனிக்கத் தக்கது. சிறிய வீட்டுக்காரரால் முடியாது என்று மாநகராட்சி வரியை விட்டுக்கொடுத்தது. ஆனால் மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு வீட்டுச் சொசைட்டிகளுக்கான மாதிரி விதிகளின்படி, காவலாளி, விளக்கு, சுத்தம் போன்ற சேவைச் செலவை வீட்டின் அளவைப் பார்க்காமல் எல்லோரும் சமமாகப் பகிர வேண்டும். சேவை எல்லோருக்கும் ஒன்றுதானே என்பது அதற்கான நியாயம். சரிதான். ஆனால் மாநகராட்சி பார்க்கும் 'சக்தி' என்ற அளவுகோல் சொசைட்டி வாசலோடு நின்றுவிடுகிறது. வரி ஏறினால் கவுன்சிலரைக் கேட்கலாம், தேர்தலில் தண்டிக்கலாம். லிஃப்ட் பில்லைக் கண்டித்து யாருக்கு ஓட்டுப் போடுவது?

இதே வார்டில், ட்ராம்பே போகும் வழியில் சீத்தா கேம்ப் இருக்கிறது. நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதம், அணுசக்தி மையத்துக்கு நிலம் வேண்டும் என்று ஜனதா காலனியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் உருவாக்கிய பேட்டை. தமிழர்கள் கணிசம். அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய கோலார் தங்கவயல் தமிழர் ஜாக்கின் அற்புதம் 2000-ல் மகசேசே விருது பெற்றார். அங்கே கிடைத்தது வெறும் மனை. சேறும் சகதியுமாக இருந்த இடத்தை மக்களே மேடாக்கினார்கள், கையில் பணம் சேரச் சேரச் சுவரும் மாடியும் எழுப்பினார்கள். அது சொர்க்கமில்லை. அந்த வெளியேற்றம் நியாயமும் இல்லை. ஆனால் செலவு அவர்கள் வரவைப் பின்தொடர்ந்து வந்தது; முன்னால் ஓடவில்லை. அதனால் ஐம்பது வருஷமாகப் பல குடும்பங்கள் அங்கேயே நிலைத்தன.

அரசு இலவச வீடு தரும்போது சாவியை மட்டும் தருகிறது. அந்த வீட்டில் இருபது வருஷம் லிஃப்ட் ஓட என்ன செலவாகும், அதற்கு யார் முதல் போடுவார்கள், குடியேறுபவரின் வேலை எங்கே இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிய பிறகுதான் அஸ்திவாரம் தோண்ட வேண்டும். வரியை ஒரே கையெழுத்தில் ரத்து செய்துவிடலாம். ஏழாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை அப்படி ரத்து செய்ய முடியாது.